அது வெறும் பயம் என்றார்கள், நானும் சொன்னேன்

வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடப்பது யாருக்கும் சுகமான வேலை இல்லை. 100 ஆம் இலக்க பஸ்ஸும் 101 உம் ஒன்றை ஒன்று முந்தப் பார்த்துக்கொண்டு வரும், கடவையில் கால் வைத்த பிறகும் நிற்பானா மாட்டானா என்று டிரைவரின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதனால் 2022 தொடக்கத்தில் ஒருநாள் அக்கா கடவை ஓரத்தில் நின்றுகொண்டு "எனக்கு ஏலாதடா, கையைப் பிடி" என்றபோது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் அவள் இருபது வருடமாக அதே வீதியை ஒரு கையில் மரக்கறிப் பையும் மறு கையில் குடையுமாக, பஸ்காரனைத் திட்டிக்கொண்டே கடந்தவள். அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

உண்மையில் முதலில் வந்தது பயம் இல்லை, இடுப்புப் பிடிப்பு. 2021 கடைசியில் தொடங்கியது. அக்காவுக்கு அப்போது 41 வயது, வீட்டில் வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுப்பாள், கொரோனாக் காலம் முழுக்கக் கதிரையில் இருந்து போனைப் பார்த்துப் படிப்பித்ததால் வந்த வினை என்றுதான் எல்லோரும் சொன்னோம். அம்மா எண்ணெய் காய்ச்சிப் பூசினாள். கொட்டாஞ்சேனையில் எண்ணெய் போட்டு உருவுகிற ஒருவரிடம் கூட்டிப் போனோம், அவர் முதுகில் கை வைத்ததுமே அக்கா வில் மாதிரி வளைந்து கத்திவிட்டாள், மனுசன் பயந்துபோய்க் காசும் வாங்காமல் அனுப்பிவிட்டார். எக்ஸ்ரே எடுத்தோம், கடன் வாங்கி முள்ளந்தண்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். வயதுக்கேற்ற தேய்மானம், வேறு ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி, வெள்ளிக்கிழமைகளில் மயூரபதி அம்மன். நாங்கள் சைவக்காரர்தான், ஆனால் கொழும்பில் அந்தோனியாரிடம் போவதற்கு யாரும் மதம் பார்ப்பதில்லை.

பிடிப்பு இடுப்போடு நிற்கவில்லை. வயிறு இறுகியது, பிறகு தொடைகள். நடை மாறியது. நெஞ்சை நிமிர்த்தி, இடுப்பை முன்னுக்குத் தள்ளி, கால்களை மடக்காமல் எடுத்து வைத்து, பள்ளிக்கூட அணிவகுப்பில் நடப்பது மாதிரி நடந்தாள். பக்கத்து வீட்டு மாமி "என்ன பிள்ளை, இப்ப பெரிய நிமிர்வு?" என்று கேட்டுச் சிரித்தா. அக்காவும் சிரித்தாள். சில நாள் ஒன்றுமே இல்லாதது போல நன்றாக இருப்பாள், அடுத்த நாள் கட்டிலில் இருந்து எழும்ப அரை மணித்தியாலம். இப்படி ஏறி இறங்குவதுதான் இந்த வருத்தத்தின் குணம் என்று இப்போது தெரியும். அப்போது எங்களுக்கு அது நடிப்பு மாதிரித் தெரிந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் அப்படித்தான் தெரிந்தது.

2022 ஜூனில் விழுந்தாள். அந்த வருடம் கொழும்பில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டு விடிய விடிய நின்ற காலம். அக்கா என்னை மாற்றிவிட வந்து நின்றாள். யாரோ பின்னால் ஒரு வெறும் சிலிண்டரை நிலத்தில் டணார் என்று போட்டார்கள். நான் பத்தடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கி விழுகிறவர்கள் கையை ஊன்றப் பார்ப்பார்கள், முழங்காலாவது மடியும். அக்கா அப்படி விழவில்லை. நின்ற நிலையிலேயே, கை இரண்டும் பக்கத்தில் ஒட்டினபடி, வெட்டின தென்னை மாதிரி நேராகச் சாய்ந்தாள். நாடியில் ஆறு தையல். "மயக்கமா?" என்று கேட்டார்கள். மயக்கமே இல்லை, விழும்போது நிலம் கிட்ட வருவதை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள்.

அதற்குப் பிறகு பயம் உண்மையிலேயே வந்துவிட்டது. திறந்த வெளி, வீதி, படிக்கட்டின் முதல் படி, பின்னால் வருகிற ஓட்டோ. காசு கட்டி நேரம் எடுத்து, சனல் பண்ணிப் பார்த்த டொக்டர்மார் ஒவ்வொருவருக்கும் நாலு நிமிடம். அக்காவுக்குச் சிங்களம் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் போதும், ஆனால் உள்ளே இருக்கிற தசை தன்னைத்தானே முறுக்குவதை எந்தச் சொல்லில் சொல்வது? தமிழிலேயே எங்களுக்குச் சொல் இல்லை. பிடிப்பு, இறுக்கம், விறைப்பு என்று மாறி மாறிச் சொல்வாள், நான் அதைத் தட்டுத் தடுமாறிச் சிங்களத்தில் சொல்வேன், முதுகு நோ என்று எழுதுவார்கள். ஒரு சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. பயம். சிங்களத்திலும் அது பயதான். அக்கா "வீதியைக் கடக்கப் பயமாயிருக்கு" என்று தமிழில் சொல்லி முடிப்பதற்குள் டொக்டர் தலையாட்டி எழுதத் தொடங்கிவிடுவார். மற்ற எல்லாம் வழியில் சிந்திப் போக, அந்த ஒரு சொல் மட்டும் முழுதாய்ப் போய்ச் சேர்ந்து கிளினிக் கொப்பியில் ‘ஆங்சைட்டி’ என்று உட்கார்ந்துகொண்டது. பிறகு வந்தவர்கள் எல்லோரும் கொப்பியைப் படித்துவிட்டுத்தான் அக்காவைப் பார்த்தார்கள்.

மனநல வைத்தியரிடம் அனுப்பினார்கள். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார், பதற்றத்துக்கு என்று டயஸிபாம், அதுதான் வேலியம், இரவுக்கு 5 மில்லிகிராம் எழுதித் தந்தார்.

நாலாம் நாள் அக்கா குனிந்து செருப்புப் போட்டாள். ஆறு மாதத்துக்குப் பிறகு.

இங்கேதான் நாங்கள் எல்லோரும் சறுக்கினோம். பயத்துக்கான குளிசை வேலை செய்கிறது, அப்படியென்றால் வருத்தம் பயம்தான். எவ்வளவு ஒழுங்கான கணக்கு! நான் கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்கிறவன், எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்துப்போனது. "பார்த்தியா அக்கா, உடம்பில ஒன்றுமில்லை, மனசைத் திடப்படுத்து" என்றேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. அதோடு நிற்காமல், வேலியம் பழகிப்போகும், அடிமையாக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, 2023 மே மாதம் அதை நிறுத்தச் சொன்னதும் நான்தான். டொக்டரைக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் இரவு பத்தரை இருக்கும், எங்கள் வீடு கடல் பக்க ஒழுங்கையில், பாணந்துறைப் பக்கம் போகிற கோச்சி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தத்தோடு அக்காவின் உடம்பு வில்லாக வளைந்தது. குதியும் பிடரியும் மட்டும்தான் கட்டிலில். வேர்த்து ஒழுகுகிறது, பல் கிட்டியிருக்கிறது, ஆனால் கண் என்னைப் பார்க்கிறது, நினைவு முழுக்க இருக்கிறது. அம்மா தொட்டால் இன்னும் இறுகுகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் டயஸிபாம் ஊசி போட்டார்கள், கொஞ்ச நேரத்தில் தளர்ந்தாள். கொப்பியில் புதிதாக இன்னொரு வரி ஏறியது: பீதித் தாக்கம்.

அப்புறம் அதைக் கண்டுபிடித்தது யார் என்றால், நரம்பு டொக்டருமில்லை எலும்பு டொக்டருமில்லை, சீனிக் கிளினிக்கில் இருந்த ஒரு இளம் பெண் டொக்டர். அக்காவுக்கு 36 வயதில் சீனி வருத்தம் வந்தது. மெலிந்த உடம்பு, குளிசை சரிவரவில்லை, கெதியிலேயே இன்சுலினுக்கு மாற்றிவிட்டார்கள். தைரொயிட் குளிசையும் எடுக்கிறாள். இதெல்லாம் வேறு கிளினிக், வேறு கொப்பி, வேறு கிழமை. 2023 நவம்பரில் அந்தப் பிள்ளை அக்கா கதிரையில் இருந்து எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தா. பேனையை வைத்துவிட்டு, "அக்கா, திரும்ப இருந்து எழும்புங்க பாப்பம்" என்றா. மட்டக்களப்புத் தமிழ். கட்டிலில் படுக்கச் சொன்னா. அக்கா நேராகப் படுத்தபோது முதுகு மெத்தையில் படவில்லை, டொக்டர் தன்னுடைய முன்னங்கையை அந்த இடைவெளிக்குள் ஒரு பக்கத்தால் விட்டு மறுபக்கத்தால் எடுத்தா. பிறகு வயிற்றில் உள்ளங்கையை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தா. "பலகை மாதிரி இருக்கே," என்று தனக்குள் சொன்னா. இரண்டு வருடத்தில் அக்காவின் வயிற்றில் யாராவது கை வைத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்பதை, கொப்பியில் ஒருமுறை தேடிப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

அம்மாவிடம் திரும்பி, "அம்மா, அக்கா நித்திரையில எப்படிக் கிடப்பா?" என்று கேட்டா.

"நித்திரையிலயோ? பூனைக்குட்டி மாதிரிச் சுருண்டு கிடப்பாள் பிள்ளை."

"முதுகு வளையுதா?"

"நல்லா வளையும்."

"மறுகா எழும்பினதும்?"

"எழும்பினதும் திரும்பக் கட்டைதான்."

எலும்பிலோ மூட்டிலோ பிடித்த விறைப்பு என்றால் நித்திரையில் காணாமல் போகாது. அந்த ஒரு பதிலோடு முடிவு கட்டவில்லை, ஆனால் முகம் மாறியதை நான் பார்த்தேன். இளவயதுச் சீனி, தைரொயிட், இந்த விறைப்பு, சத்தத்துக்குத் துள்ளுவது, வேலியத்துக்குக் குறைவது, எல்லாவற்றையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, நரம்பியல் பிரிவுக்குக் கையோடு அனுப்பினா. ஸ்டிஃப் பேர்சன் சின்ட்ரோம், விறைத்த ஆள் வருத்தம், என்ற பெயரை நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான்.

அன்றிரவு முழுக்க வாசித்தேன். 1956 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மோர்ஷ், வோல்ட்மன் என்ற இரண்டு நரம்பியல் வைத்தியர்கள் 14 நோயாளிகளைப் பற்றி எழுதியதுதான் தொடக்கம். அந்த 14 பேரைச் சேர்க்க அவர்களுக்கு 32 வருடம் எடுத்திருக்கிறது. முதல் ஆள் 1924 இல் வந்த, அயோவா மாநிலத்து 49 வயது விவசாயி ஒருவர். அதனாலோ என்னவோ ‘விறைத்த மனிதன்’ என்று ஆண்பாலில் பெயர் வைத்துவிட்டார்கள், பெண்களுக்குத்தான் இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வருகிறது என்று தெரிந்து, பெயரைப் பொதுவாக மாற்றும்படி 1991 இல்தான் யாரோ கேட்டிருக்கிறார்கள். பத்து இலட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு வருகிற வருத்தம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது 1963 என்ற வருடம்தான். டயஸிபாம் சந்தைக்கு வந்த கையோடு, அந்த வருடமே இந்த விறைப்புக்கு அது கேட்கிறது என்று எழுதிவிட்டார்கள். அறுபது வருடமாக இந்த வருத்தத்துக்கு முதல் மருந்தே வேலியம்! பயத்துக்கு என்று தந்த குளிசை பயத்தால் வேலை செய்யவில்லை, நேராக வருத்தத்தின் மடியிலேயே போய் விழுந்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் சரியான சான்றைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தலைகீழாகப் படித்திருக்கிறோம்.

விளங்கின மட்டில் சொல்கிறேன். நம்முடைய நரம்புகளுக்கு ஓடு என்று சொல்கிற இரசாயனமும் உண்டு, நில் என்று சொல்கிற இரசாயனமும் உண்டு. நில் என்கிற முக்கியமானது காபா. குளூட்டமேற்று என்ற ஓடு-பொருளில் இருந்துதான் இந்தக் காபாவை உடம்பு செய்துகொள்கிறது, செய்து கொடுக்கிற நொதியத்தின் பெயர் ஜி.ஏ.டி. இந்த நோயாளிகளில் பெரும்பாலானவர்களின் இரத்தத்தில் அந்த ஜி.ஏ.டி.க்கு எதிராக உடம்பு தானே செய்த பிறபொருளெதிரிகள் (அன்டிபொடி) மிகப் பெரிய அளவில் இருக்கும், இது 1988 இல் தெரியவந்தது. அதே ஜி.ஏ.டி. இன்சுலின் சுரக்கிற கணையக் கலங்களிலும் இருக்கிறது, முதலாம் வகைச் சீனி வருத்தக்காரரிலும் இதே எதிரி சின்ன அளவில் காணப்படும். சீனிக் கிளினிக்குக்குப் பொறி தட்டினது அதனால்தான். பிரேக் குறைந்தால் என்ன ஆகும்? கையை மடக்கும்போது முன்தசை இழுக்க, பின்தசை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடு என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து இழுக்கும். சித்திரை வருடப்பிறப்புக்குக் கயிறிழுப்பு வைப்பார்களே, இரண்டு பக்கமும் சம பலமாக இருந்தால் கயிறு அசையாமல் விறைத்து நிற்கும், யாரும் சும்மா இல்லை. அக்காவின் முதுகும் வயிறும் அதுதான்.

இன்னொன்று. மூளையில் பயத்தை அடக்கி வைக்கிற வேலையிலும் இதே காபாவுக்குப் பங்கு இருக்கிறது. அப்படியானால் அக்காவின் பயம், விழுந்ததால் வந்த பயமா, வருத்தத்தின் ஒரு துண்டேதானா? நரம்பியல் டொக்டரிடம் கேட்டேன். இரண்டும் இருக்கலாம், பிரிக்கத் தேவையில்லை என்றார். உடம்பா மனசா என்று இரண்டு வருடமாக நாங்கள் அடிபட்டதற்கு இவ்வளவுதான் விடை. எனக்குக் கோபம்தான் வந்தது, யாரில் என்று தெரியவில்லை.

பரிசோதனையில் ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். தசைக்குள் மெல்லிய ஊசியை ஏற்றி அதன் மின்னோட்டத்தைப் பார்ப்பார்கள், ஈ.எம்.ஜி. என்பது. அதைச் சத்தமாகவும் கேட்கலாம். சும்மா இருக்கிற தசை சத்தம் போடாது. "தளர்த்துங்கோ, நல்லாத் தளர்த்துங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், அக்கா கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாள், பெட்டிக்குள் இருந்து தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரிப் பொரிந்துகொண்டே இருக்கிறது. முதுகிலும் அதே மழை, வயிற்றிலும் அதே மழை. நாளத்தில் டயஸிபாம் கொஞ்சம் ஏற்றினார்கள். மழை தூறலாகி, துளித்துளியாகி, விட்டது. அறையில் யாரும் ஒன்றும் பேசவில்லை. அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "கேட்டதா?" என்றாள்.

இரத்தம் வெளிநாட்டுக்குப் போய் மூன்று கிழமையில் முடிவு வந்தது, எதிரி அளவு அவர்களின் அளவுகோலின் உச்சிக்கு மேலே. சில பேருக்கு இந்த வருத்தம் மார்பகப் புற்றுநோயோடு சேர்ந்து வருமாம், அதற்கு வேறொரு பிறபொருளெதிரி, அதையும் பார்த்தார்கள், மார்பும் நெஞ்சும் ஸ்கான் பண்ணினார்கள். ஒன்றும் இல்லை. அந்த இரண்டு கிழமை அம்மா சோறு இறக்கவில்லை.

மருந்து: டயஸிபாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இப்போது நாளுக்கு 20 மில்லிகிராம், அதோடு தசையைத் தளர்த்துகிற பக்லோஃபென். இரண்டையும் திடீரென்று நிறுத்தவே கூடாது, வலிப்புவரைக்கும் போகலாம் என்று சொன்னபோது நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவை பிரேக்குக்கு உதவி. எதிரிகளோடு மோதுவதற்கு ஐ.வி.ஐ.ஜி., ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த இரத்தத்தின் தெளிநீரில் இருந்து பிரித்தெடுக்கிற இம்யூனோகுளோபுலின். 2001 இல் 16 நோயாளிகளில் செய்த ஆய்வில் இது விறைப்பைக் குறைத்தது நிரூபணமானது. கிலோவுக்கு 2 கிராம். அக்கா 50 கிலோ, ஆகவே 100 கிராம், 5 கிராம் போத்தல் இருபது, ஐந்து நாளைக்குப் பங்கு போட்டு நாளுக்கு நாலு. பக்லோஃபென் கூட வெள்ளவத்தையில் தொடங்கி மருதானை வரை பாமசி பாமசியாக ஏறி இறங்கித்தான் சில மாதம் கிடைத்தது, இந்தப் போத்தல்கள் எங்கே கிடைக்கப் போகிறது என்று நினைத்தேன், அரச வைத்தியசாலையில் இலவசமாகவே ஏற்பாடானது.

ஆனால் நேரத்தைப் பாருங்கள். திகதி கிடைத்தது 2024 பெப்ரவரியில். தரமற்ற இம்யூனோகுளோபுலின் நாட்டுக்குள் வந்த விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் கைதானதும் அதே பெப்ரவரியில். இம்யூனோகுளோபுலின் என்ற வாயில் நுழையாத சொல்லை எங்கள் ஒழுங்கைத் தேத்தண்ணிக் கடைக்காரரும் சொன்ன மாதம். அம்மா வேண்டாம் என்றாள். நானும் பின்வாங்கினேன். அக்காதான், "இப்பவும் எனக்கு முடிவெடுக்க நீங்கள் ஆர்?" என்று கேட்டுவிட்டுப் பையை அடுக்கினாள். முதல் போத்தல் வந்ததும் தாதி மிஸ்ஸியிடம் கையை நீட்டி வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லேபிளில் தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, செய்த நாடு எல்லாவற்றையும் பிள்ளைகளின் கொப்பி திருத்துகிற மாதிரி விரல் வைத்துப் படித்தாள். மிஸ்ஸி அவசரப்படுத்தவில்லை. இருபது போத்தலுக்கும் இதே கூத்து. இரண்டாம் நாள் தலையிடி பிளந்தது, வேகத்தைக் குறைத்தார்கள்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு காலையில் குசினியில் அக்கா நிலத்தில் விழுந்த வெங்காயத்தைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

சுகமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஏற்றின மருந்தின் பலன் சில கிழமைகளில் இறங்கும், திரும்ப ஏற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் இருப்பில் இருக்குமா என்ற கேள்வி வேறு. ரிட்டுக்ஸிமாப் என்று இன்னொன்று இருக்கிறது, 24 பேரில் செய்த ஆய்வு 2017 இல் வெளிவந்தது, மருந்தே இல்லாத போலி மருந்தை ஏற்றியவர்களுக்கும் இதை ஏற்றியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஆனாலும் சிலருக்குக் கேட்கிறது என்பதால் டொக்டர்மார் அதை ஒதுக்கிவிடவும் இல்லை. இப்போதைக்கு அது வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். பாடகி செலின் டியோன் தனக்கு இந்த வருத்தம் என்று 2022 டிசம்பரில் சொன்னதால் பெயராவது நாலு பேருக்குத் தெரிகிறது. அவர் 2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பாடினதை அக்கா போனில் பார்த்தாள். பாட்டை விட்டுவிட்டு, "பின்னால ஏதும் வெடி போட்டிருந்தால் என்ன செய்திருப்பா?" என்று கேட்டாள்.

போன கிழமை கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டியிருந்தது, வீதிக்கு அந்தப் பக்கம். இப்போது கையைப் பிடிப்பதில்லை, என் சேட்டின் கையை இரண்டு விரலால் தொட்டபடி நடப்பாள், அது போதும். பாதி தூரத்தில் 101 பஸ் ஒன்று கடவை மட்டும் வந்து பிரேக் போட்டு, நாங்கள் மெதுவென்று நீட்டி ஹோர்ன் அடித்தான். விரல் இரண்டும் சேட்டை இறுக்கின. கால் நின்றுவிட்டது. பக்கத்தில் ஓட்டோக்காரன் தலையை வெளியே போட்டு ஏதோ கத்தினான். முன்னர் என்றால் ஒன்றுமில்லை வா என்று இழுத்திருப்பேன். பஸ்ஸுக்குக் கையைக் காட்டிவிட்டுப் பேசாமல் நின்றேன். எத்தனை செக்கன் என்று தெரியாது, கொண்டக்டர் இறங்கி வந்து பார்க்கிற அளவுக்கு இருந்தது.

"சரி," என்றாள் அக்கா. "போவம்."